அரை டீப் படலம்

வாழ்க தாமோதரன்! பத்தாம் வகுப்பு ஆ பிரிவின் ஆங்கிலப் பெருவேந்தன், சிவப்பு மைப் பேனாவைச் செங்கோலாகச் சட்டைப்பையில் செருகியவன், ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இருபத்தாறு ஆண்டுகளாகக் காவல் நின்று, அந்தக் காவலிலேயே முன்னந்தலை முடி முழுவதையும் களப்பலியாகக் கொடுத்தவன், 'ஹி டோன்ட்' என்று எவனாவது சொன்னால் தெருவின் மறுகோடியில் இருந்தாலும் செவி விடைக்கத் திரும்புபவன், வீடு தேடி வந்த கல்யாணப் பத்திரிகையில் நாலு பிழை திருத்தி, மாப்பிள்ளை வீட்டுக்கே திருப்பிக் கொடுத்து அனுப்பிய மாவீரன், வாழ்க, வாழ்க! உத்திரமேரூர் முதல் திருப்புலிவனம் வரை டவுன் பஸ் ஓடும் வழியெல்லாம் அவன் புகழும் ஓடுகிறது. பஸ் ஓடாத நாளிலும் புகழ் ஓடத்தான் செய்கிறது.

கொதிக்கும் பாலே, உன்னைப் பணிகிறோம். கறுத்துச் சிவந்த டிக்காஷனே, உன்னையும் பணிகிறோம். அளவு மீறி விழுந்து ஆளைக் கெடுக்கும் சர்க்கரையே, உன்னை டாக்டருக்குத் தெரியாமல் பணிகிறோம். மூவரும் வந்து இந்தக் கதை சொல்லும் நாவில் அமருங்கள். கதை முடியும்வரை ஆறாமல் இருங்கள். ஏனென்றால் இங்கே பாடப்படுவது நாடு பிடிக்க நடந்த போர் அன்று. வரப்புக்காகவோ வாய்க்காலுக்காகவோ வழக்கமாக நடக்கிற போரும் அன்று. ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மாலை நாலே முக்காலுக்குத் தொடங்கி, ஐந்து மணி ஐந்து நிமிட பஸ் வரும்வரை, ஒரே ஒரு கிளாஸ் டீயை முன்வைத்து இரண்டு இங்கிலீஷ் வாத்தியார்கள் நிகழ்த்திய மாபெரும் சமர்.

போர்க்களத்தின் பெருமையை முதலில் கேளுங்கள். திருப்புலிவனம் பஸ் நிறுத்தத்தை ஒட்டி, தகரக் கூரை வேய்ந்து, நீல டிரம்மில் தண்ணீர் நிறைத்து, ஓயாமல் சீறும் கேஸ் அடுப்பை நடுநாயகமாக வைத்து விளங்குவது தானியேல் டீக்கடை. வலப்பக்கம் வயல். இடப்பக்கம் ஒரு புங்க மரம். முன்னால் ஒரே ஒரு நீளப் பலகை. அடுப்புக்குப் பின்னால் நிற்பவன் தானியேல், டீயைத் தலைக்கு மேலே தூக்கி ஆற்றி ஒரு சொட்டும் சிந்தாமல் இறக்கும் வலக்கையன். ஒரு காலத்தில் பிறர் வயலில் நாற்றுப் பிடுங்கிய கை அது. இன்று அந்த வயல்காரர்களே அந்தக் கையைப் பார்த்தபடி பலகையில் காத்திருக்கிறார்கள். எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் அவன் மனைவி செவ்வந்தி. அவள் வாய் திறந்தால் சட்டியே சற்று அடங்கிப் பொரியும்.

அந்தக் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு டீயை இருவர் பிரித்துக் குடிக்க விரும்பினால், 'ஒண்ணு ரெண்டா' என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தானியேல் ஒரு டீ போட்டு, அதை இரண்டு கிளாஸில் பிரித்து வைப்பான். ஆனால், பிரிக்கச் சொன்னவன் முதலில் கை நீட்டக் கூடாது. மற்றவன் தனக்கு வேண்டிய கிளாஸை எடுத்துக்கொண்ட பிறகு, மிஞ்சியதுதான் சொன்னவனுக்கு. முன்பொரு நாள் மாமனும் மச்சானும் நுரையின் உயரத்தை விரலால் அளந்து, அளவு ஒத்துவராமல் கிளாஸை உடைத்து, பிறகு மண்டையையும் உடைத்துக்கொள்ளப் போனபோது தானியேல் போட்ட சட்டம் அது. போட்ட நாள் முதல் கடையில் கிளாஸ் உடையவில்லை.

இந்தச் சட்டத்தின்கீழ் பதினோரு ஆண்டுகள் குடை பிடித்து ஆண்டவர்கள் இருவர். ஒருவன் நம் தாமோதரன். மற்றவன் மோகன்குமார், அதே அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் போதித்தவன், தாமோதரனுக்கு ஆறு வயது இளையவன், எப்போதும் இன் பண்ணிய சட்டையும் எப்போதும் அறுந்த செருப்புமாகத் திரிபவன். பள்ளி விட்டதும் இருவரும் சேர்ந்து நடந்து வருவார்கள். ஒரு நாள் இவன் 'ஒண்ணு ரெண்டா' என்பான், மறுநாள் அவன். அரை டீயை அரை மணி நேரம் குடிப்பார்கள். பேசியது என்ன என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது. பேசி முடிந்ததே இல்லை என்பது மட்டும் ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட நட்பு ஒரு சிவப்புக் கோட்டில் அறுந்தது.

அதற்கு ஆங்கில மொழியின் குணத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மகா கண்டிப்பான மொழி அது. பால், தண்ணீர், டீ, காபி இவற்றை எண்ணாதே, எண்ணினால் மார்க் இல்லை என்று புத்தகத்தில் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறது. ஆனால் அதே ஆங்கிலம் தாகம் எடுத்துக் கடை வாசலில் வந்து நின்றதும் இடுப்பு வாரைத் தளர்த்திவிடுகிறது. 'டூ டீஸ்' என்கிறது, 'த்ரீ காஃபீஸ்' என்கிறது, யாரும் பார்க்கவில்லை என்றால் தண்ணீரைக் கூட 'டூ வாட்டர்ஸ்' என்று எண்ணிவிடுகிறது. அரிசியைப் பார்த்து அப்படி எண்ணச் சொன்னால் அதற்கு நாக்குக் கூசும். வழுக்கிக்கொண்டு உள்ளே போகிற சரக்கு என்றால் மட்டும் கூச்சமே கிடையாது. சோற்றையும் சாப்பிடுகிறோம், டீயையும் சாப்பிடுகிறோம் என்று சொல்லித் திரிகிற நாம் அதைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை. குடிக்கிற விஷயத்தில் எல்லா மொழியும் கொஞ்சம் அப்படித்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் இடைப்பருவத் தேர்வு. எட்டாம் வகுப்புக்கும் கேள்வித்தாள் தயாரித்தவன் மூத்தவனான தாமோதரன். ஒன்பதாம் கேள்வி: பிழை திருத்துக, 'டூ காஃபீஸ், ப்ளீஸ்.' இளமதி என்ற சின்னப் பெண், அவள் அப்பா நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் பரிமாறுகிறவர், அந்தக் கேள்விக்கு எதிரே 'இதில் பிழை இல்லை' என்று தைரியமாக எழுதிவிட்டாள். மோகன்குமார் அதற்கு முழு மார்க் போட்டான். தாமோதரன் அதைப் பார்த்தான். பார்த்தவன் விழிகள் சிவந்தன; பேனா அதைவிடச் சிவந்தது. ஆசிரியர் அறையில், அத்தனை பேர் முன்னிலையில், அந்த மார்க்கை ஒரே கோட்டில் அடித்தான்.

மோகன்குமார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இந்தக் காவியமே தேவைப்பட்டிருக்காது. அவன் மெதுவாக, சிரித்துக்கொண்டே கேட்டான்.

"சார், நீங்க தானியேல் கடையில எப்பிடி சார் கேக்கறீங்க?"

ஆசிரியர் அறை சிரித்தது. விசிலை வாயில் வைத்திருந்த உடற்பயிற்சி ஆசிரியர் விசிலோடு சேர்ந்து சிரித்ததில், வெளியே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் வகுப்புக்கு ஓடினார்கள். அந்தச் சிரிப்பு தாமோதரனின் நெஞ்சில் முள்ளாக ஏறியது. அவன் எழுந்தான், மேசையில் கை ஊன்றினான், கூரையில் இருந்த பல்லி கேட்கச் சூளுரைத்தான்.

"இன்று முதல் என் நாவில், எந்த மொழியிலும், எண் வந்து டீயைத் தொடாது! இது சத்தியம்!"

தமிழில் அப்படி ஒரு விதியே இல்லையே சார் என்று கேட்க அன்று யாருக்கும் துணிவில்லை. மறுநாள் முதல் தாமோதரன் தனியாக நடந்து வந்தான். பலகையின் மேற்கு முனையில் அமர்ந்து, "தானியேல், ஒரு கிளாஸ் டீ" என்றான். எண்ணப்படுவது கிளாஸ்தான், டீ அன்று, சத்தியம் உயிர் பிழைத்தது. மோகன்குமார் கிழக்கு முனையில் அமர்ந்து, உத்திரமேரூருக்கே கேட்கிற குரலில், "ஒரு டீ!" என்றான்.

"கிளாஸ்ல இல்லாம இன்னா, கையிலயா ஊத்தித் தரப் போறேன்?" என்று தானியேல் செவ்வந்தியிடம் முணுமுணுத்தான். ஆனால் போட்டுக் கொடுத்தான். இப்படி இரண்டு ஆண்டு பதினொரு மாதம் நடந்தது. ஒரே பஸ்ஸில் முன்படியில் இவன் ஏறினால் பின்படியில் அவன் ஏறினான்.

இந்தப் பெரும்பகையில் ஒரு சிறு சங்கடம் இருந்தது. பதினோரு ஆண்டுகளாக அரை டீ குடித்துப் பழகிய வயிறு இரண்டு பேருக்கும். முழு டீ உள்ளே இறங்கவில்லை. பாதிக்கு மேல் தாமோதரனுக்குத் திகட்டியது, வைத்துவிட்டுப் போனான். மறுமுனையில் மோகன்குமாரும் சரியாகப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். ஒருவன் மிச்சம் வைப்பதை மற்றவன் ஓரக்கண்ணால் பார்த்தான். பார்க்காத மாதிரி சாலையைப் பார்த்தான். பஸ் போனதும் தானியேல் அந்த இரண்டு பாதியையும் எடுத்துப் புங்க மரத்தின் வேரில் ஊற்றினான். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ புங்க மரங்கள் வெயிலில் வாடி நிற்க, அது மட்டும் கொழுத்து வளர்ந்து கடைக்கூரை மேல் கை போட்டு நின்றது.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

கலந்தாய்வில் மோகன்குமாருக்கு மாறுதல் வந்துவிட்டது. காஞ்சிபுரத்துக்கும் அப்பால், தாமல் ஊரைத் தாண்டி ஒரு பள்ளி. திங்கட்கிழமை அங்கே சேர வேண்டும். மதியம் வழியனுப்பு விழா நடந்தது. பச்சைப் பொன்னாடை, பொட்டலத்தில் மிக்சர், வண்ணத்தாள் சுற்றிய ஒரு சுவர்க் கடிகாரம். மூத்தவர் என்ற முறையில் தாமோதரனை இரண்டு வார்த்தை பேச அழைத்தார்கள். அவன் சட்டைப்பையில் ஒரு தாள் இருந்தது. முந்தின நாள் முழுவதும் ஓய்வு வகுப்புகளில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தான். எழுதியதைத் திருத்தினான். திருத்தியதைத் திருத்தினான். சிவப்பு மை ஓடி ஓடி, கடைசியில் அடிபடாமல் தப்பித்தது ஒரே வாக்கியம்: 'ஹி இஸ் அ டீச்சர்.' ஒரு குறையும் சொல்ல முடியாத வாக்கியம். அதைக் கையில் வைத்துக்கொண்டு மைக் முன்னால் நின்றபோது அவனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. "வாழ்த்துகள்" என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டான்.

மாலை மணி நாலே முக்கால். பலகையின் மேற்கு முனைக்குத் தாமோதரன் வந்தான். கிழக்கு முனைக்கு, கடிகாரத்தை அக்குளில் இடுக்கி, பொன்னாடையை மடித்துத் தோளில் போட்டு, அறுந்த செருப்பை இழுத்தபடி மோகன்குமார் வந்தான். பலகையின் நடுவே, களை எடுத்துவிட்டு வீடு திரும்பும் ஜெயம்மாள், தன் டீயைக் குடித்து முடித்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். இரு பெரும் படைகளுக்கு நடுவே அகப்பட்டது தெரியாமல் அவள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு வீரர்களும் ஒரே கணத்தில் அமர்ந்தார்கள். பலகை இரண்டு பக்கமும் முனகியது. இரண்டு குரல்களும் ஒரே கணத்தில் எழுந்தன.

"தானியேல், ஒரு கிளாஸ் டீ!"

"தானியேல், ஒரு டீ!"

தானியேல் கிளாஸை எடுக்கவில்லை. பால் பாத்திரத்தைச் சாய்த்து இருவருக்கும் காட்டினான்.

"சார், கொஞ்சம் முன்னாடிதான் காஞ்சிபுரத்துல கல்யாணப் பட்டு எடுத்துக்கினு ஒரு வேன் வந்துச்சு. இருவது பேரு. ஆளுக்கு ரெண்டு டீ அடிச்சிட்டுப் போய்க்கினே இருந்துட்டாங்க. சொசைட்டி பாலு வர ஆறு மணி ஆவும். இப்ப ஒரே ஒரு டீக்குத்தான் பாலு கீது. யாருக்குன்னு நீங்களே சொல்லிடுங்க."

சொல்லிவிட்டு அந்த ஒரு டீயைப் போட்டான். அடடா, அந்த டீயை என்னவென்று புகழ்வது! கடைசிப் பால் என்பதால் திக்காகி, ஏடும் நுரையும் கலந்து, ஏலக்காய் ஒன்றைச் செவ்வந்தி தட்டிப் போட்டதால் மணம் பரப்பி, மாலை வெயில் பட்டுப் பொன்னாய் மின்னி, கிளாஸின் விளிம்பில் தளும்பி, எடுப்பாரின்றி நின்றது அந்த ஒற்றை டீ. காலையிலிருந்து நாலு வகுப்பு கத்திய இரண்டு தொண்டைகள் அதைப் பார்த்து எச்சில் விழுங்கின.

அதன்பின் மூண்டதுதான் போர். முதல் கட்டம் மௌனம். தாமோதரன் சாலையைப் பார்த்தான். மோகன்குமார் கடிகாரத்தின் வண்ணத்தாளைத் தடவினான். சாலையில் ஒரு டிராக்டர் போனது. ஜெயம்மாள் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள்.

முதல் கணையை எய்தவன் மோகன்குமார். அது கோபக் கணை அன்று. அதைவிடக் கூர்மையான மரியாதைக் கணை.

"சாருக்கே குடுத்துடு தானியேல். சார் முறையா கிளாஸோட கேட்டாரு. நான் சும்மா வாய்க்கு வந்த மாதிரி கேட்டேன்."

தாமோதரன் நிமிர்ந்தான். தாக்குண்டது சட்டைக்கு உள்ளே என்பதால் வெளியே எதுவும் தெரியவில்லை. அவனும் நாணேற்றினான்.

"வேணாம். இன்னிக்கு மாலை மரியாதை எல்லாம் அவருக்குத்தானே. அவருக்கே குடு."

"பெரியவங்க இருக்கும்போது சின்னவங்க குடிக்கக் கூடாது தானியேல்."

"தூரம் போறவங்க முதல்ல குடிக்கணும் தானியேல்."

இப்படி விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து அவர்கள் ஒருவரை ஒருவர் குத்தினார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை; எல்லாக் கணையும் தானியேல் மேல் பட்டுத்தான் எதிரியைச் சேர்ந்தது. தானியேல் டீயைக் கையில் எடுத்தான்; மேற்கே நீட்டினான்; மேற்கு மறுத்தது. கிழக்கே நீட்டினான், கிழக்கும் மறுத்தது. ஐந்து நிமிடம் அந்த டீ காற்றில் ஊசலாடியது. நுரை ஒவ்வொரு குமிழாக உடைந்தது.

"இன்னா சாரு பேஜாரு இது? ஒரு டீய வெச்சிக்கினு ரெண்டு பேரும் பந்தாடிக்கினு கீறீங்க" என்றாள் ஜெயம்மாள். "புள்ளைங்க பாத்தா சிரிக்காது?"

"சிரிக்காம இன்னா பண்ணும்? நானே மூணு வருசமா சிரிச்சிக்கினு கீறேன்" என்றாள் செவ்வந்தி, வடையைத் திருப்பிப் போட்டபடி. "யக்கா, இவங்க ரெண்டு பேரும் இஸ்கோல்ல இங்கிலீசு சொல்லித் தர்றவங்களாம். பேசக் கத்துக்குடுக்கறவங்களாம்!"

அந்தக் கடைசி வார்த்தை தாமோதரனின் காதில் கொதி எண்ணெயாகத் தெறித்தது. அவன் மெல்லக் கண் திருப்பினான். பலகையின் மறுகோடியில் மோகன்குமாரின் கால் தெரிந்தது. செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருந்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன், இவன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலும் அப்படித்தான் ஓர் ஊக்கு. 'புதுச் செருப்பு வாங்குங்க சார்' என்று தாமோதரன் அன்று சொன்னான். அதுதான் முதல் பேச்சு. இன்னும் வாங்கவில்லை. திங்கட்கிழமை முதல் இந்த ஊக்கைத் தாமல் பக்கத்தில் யாரோ பார்ப்பார்கள். இந்தப் பலகைக்கு ஒரு முனைதான் இருக்கும். எதிர் முனையில் ஆளில்லாமல், 'ஒரு கிளாஸ் டீ' என்று யாரைக் குத்துவதற்காகச் சொல்வது?

மோகன்குமார் இல்லாமல் தனக்கு முடியாது என்பது மாவீரனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் வாய் வரவில்லை. யார் பிரிக்கச் சொல்வது? சொன்னவனுக்கு மிச்ச கிளாஸ்தான். சொன்னவன் கடைச் சட்டப்படியே தாழ்ந்தவன். அதோடு அந்தச் சத்தியம் வேறு, பல்லி சாட்சியாகச் செய்த சத்தியம், தொண்டைக்குக் குறுக்கே கட்டையாகக் கிடந்தது.

அப்போது ஏரிக்கரை வளைவில் ஹாரன் கேட்டது. ஐந்து மணி ஐந்து நிமிட பஸ்.

தானியேலின் பொறுமை அத்துடன் முடிந்தது. டீயைக் கையில் ஏந்தி, அடுப்பை விட்டு வெளியே வந்து, புங்க மரத்தடியில் போய் நின்றான். நின்று, ஊரறிய அறிவித்தான்.

"சார், கேட்டுக்கங்க! தெனம் ஆளுக்குப் பாதி குடிச்சிட்டு, ஆளுக்குப் பாதி வெச்சிட்டுப் போறீங்க. ரெண்டு பாதியும் சேந்தா ஒரு டீ. மூணு வருசமா தெனம் ஒரு டீய நான் இந்த மரத்துக்கு ஊத்திக்கினு கீறேன். எனக்கு இன்னா, காசு குடுத்துடறீங்க. ஆனா கை நோவுது சார், மனசும் நோவுது. இன்னிக்கும் உங்களுக்கு வேணான்னா, இத முழுசா இதுக்கே ஊத்திடறேன். இதுவாவது மிச்சம் வெக்காம குடிக்குது."

கிளாஸைச் சாய்த்தான். நுரை விளிம்புக்கு வந்தது. விளிம்பில் திரண்டது. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, பதினோரு ஆண்டுப் பேச்சையும் மூன்றாண்டு மௌனத்தையும் சுமந்துகொண்டு பொன்னிறமாய் இறங்கி, வேரில் விழுந்தது. மரம் மேலும் வரும் என்று காத்து நின்றது.

தாமோதரன் எழுந்தான். பலகையின் மேற்கு முனை திடீரென்று மேலே வர, ஜெயம்மாளின் வெற்றிலைப் பை உருண்டது. பேனா சட்டைப்பையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது, அவன் குனியவில்லை. வலக்கையை உயர்த்தினான். இலக்கணப் புத்தகங்கள் எங்கிருந்தாலும் ஒருகணம் கண்மூடிக்கொள்ளட்டும். கூரைப் பல்லி இருந்தால் காது பொத்திக்கொள்ளட்டும். ஒருமையும் பன்மையும், எண்ணத் தகுந்ததும் தகாததும், கோட்டை மதிலோடு சரிந்து விழ, திருப்புலிவனம் பஸ் நிறுத்தம் அதிர, மாவீரன் முழங்கினான்.

"யோவ், ஊத்தாதயா! ஒண்ணு... ஒண்ணு ரெண்டா போடு!"

செவ்வந்தியின் கரண்டி எண்ணெய்க்கு மேலே நின்றுவிட்டது. மோகன்குமார் திரும்பினான். மூன்று ஆண்டுகளில் முதன்முறையாக, ஓரக்கண்ணால் அல்ல, முழுக் கண்ணால் தாமோதரனைப் பார்த்தான்.

தானியேல் அடுப்பு மேடைக்குத் திரும்பினான். கழுவிக் கவிழ்த்திருந்த இரண்டு கிளாஸ்களை நிமிர்த்தினான். கையிலிருந்ததைக் குவளைக்கு மாற்றி, வானளாவத் தூக்கி ஒருமுறை ஆற்றி, ஒன்றிலும் மற்றதிலும் மாறி மாறிச் சரித்தான். ஆளுயரத்திலிருந்து ஊற்றினாலும் தவறாத அந்தக் கை அன்று ஏனோ தவறியது. ஒரு கிளாஸ் முக்கால்வாசி நிரம்பி, நுரை முழுவதையும் தனக்கே வாரிக்கொண்டது. மற்றதில் அடியில் கொஞ்சம்தான் நின்றது, நுரையும் இல்லை. மரம் குடித்த ஒரு சொட்டுக்கு இவ்வளவு வித்தியாசம் வருமா என்று யாரும் கேட்கவில்லை.

சட்டம் எல்லோருக்கும் தெரியும். பிரிக்கச் சொன்னவன் தாமோதரன். அவன் கை கட்டி நின்றான். எடுக்க வேண்டியவன் மோகன்குமார். இனி எல்லாம் அவன் கையில். பெரிய கிளாஸை எடுத்தால் அவன் வென்றவன், அதில் எந்தத் தவறும் இல்லை, கடைச் சட்டமே அப்படி. மோகன்குமார் கடிகாரத்தைப் பலகையில் வைத்தான். பொன்னாடையை அதன்மேல் வைத்தான். அறுந்த செருப்பை இழுத்துக்கொண்டு மேடைக்கு வந்தான். இரண்டு கிளாஸையும் பார்த்தான். கை நீட்டினான்.

சின்ன கிளாஸை எடுத்தான்.

"நுரை உங்களுக்குத்தானே சார் புடிக்கும்" என்றான்.

தாமோதரன் மிஞ்சிய கிளாஸை எடுத்தான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. முந்தின நாள் எழுதி, அடித்து, தொலைத்த அந்த ஒரு பக்கமும் நாக்கு நுனியில் வந்து நின்றது, பிழையோடும் குழப்பத்தோடும். அவன் மோகன்குமாரின் காலைப் பார்த்தான்.

"தாமலுக்குப் போறதுக்குள்ளயாவது ஒரு செருப்பு வாங்குங்க சார்."

"நீங்க வந்து பாத்து வாங்கிக் குடுங்க சார். எனக்கு அளவு தெரியாது."

"உத்திரமேரூர் போனதும் போலாம்."

வெண்கல முரசு முழங்கினாற்போல் பஸ் வந்து நின்றது. புழுதி எழுந்து வானை மறைத்தது. ஜெயம்மாள் வெற்றிலைப் பையைப் பொறுக்கிக்கொண்டு ஏறினாள், ஏறி, படியில் நின்று, "சாரு, வரலியா?" என்று கூவினாள். நடத்துனர் விசில் ஊதினார். இரண்டு வீரர்களும் பலகையின் நடுவில், இரண்டு முனையையும் காலியாக விட்டுவிட்டு, தோளோடு தோள் உரச அமர்ந்து, கையில் ஏந்திய கிளாஸை ஊதி ஊதி, பெருமன்னர்கள் அரியணையில் வீற்றிருந்ததுபோல் அசையாதிருந்தார்கள். பஸ் இரண்டு தரம் ஹாரன் அடித்தது. வழிபாட்டுக்குக் காத்திருந்து கிடைக்காமல் திரும்பும் தேர்போல உறுமிக்கொண்டு உத்திரமேரூர்ப் பக்கம் போய் மறைந்தது. செவ்வந்தி கேட்காமலே இரண்டு வடையைத் தாளில் வைத்து நீட்டினாள். மண்ணில் கிடந்த சிவப்புப் பேனாவைத் தானியேல் எடுத்துத் துடைத்து டப்பாவில் போட்டான். புங்க மரம், மூன்று ஆண்டுகளில் முதன்முறையாக, அன்று மாலை பட்டினி கிடந்தது.

அடுத்த பஸ் ஆறே காலுக்கு.